என் ஒயரிங்ல பொறி தெறிச்ச கதை

எங்க பக்கத்துல ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனோட பொழப்பைக் கெடுக்கிறதுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். செய்வினை வைக்க வேண்டாம், மொட்டைக் கடுதாசி போட வேண்டாம். "அவன் கை வச்ச வண்டியில பொறி தெறிக்குதுப்பா"ன்னு டீக்கடையில ஒரு வாட்டி சொன்னாப் போதும். இதையே மதுரையில போய்ச் சொன்னா, "ஒயரை மாத்திக்கிட்டாப் போச்சு"ன்னுட்டு டீயைக் குடிப்பாங்க. சிவகாசியிலயும் சாத்தூர்லயும் சொன்னா சோலி முடிஞ்சது. சுத்துப்பட்டுல ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள்ளயும் அவன் தொட்ட வண்டி நுழையாது.

என்னைப் பத்தி அந்த வார்த்தையைச் சொன்னாங்க. ரெண்டாயிரத்து எட்டா, ஒன்பதான்னு சரியா ஞாபகம் இல்ல. கம்ப்யூட்டர் வச்ச வண்டிக நம்ம ரோட்டுக்கு வர ஆரம்பிச்ச நேரம். எவன் சொன்னான்னு தெரியாம ஒரு சீசன் பூரா கண்டவனை எல்லாம் வஞ்சுக்கிட்டுத் திரிஞ்சேன். கடைசியில தெரிஞ்சப்ப, தெரியாமலே இருந்திருக்கலாம்னு ஆகிப்போச்சு.

அப்ப என் ஷெட்டு சாத்தூர் ரோட்டுல இருந்துச்சு. மேல தகரம், மூணு பக்கம் ஹாலோ பிளாக் சுவரு. செல்ப் மோட்டார், டைனமோ, ஹாரன், லைட்டுன்னு எல்லாம் பார்ப்பேன். ஆனா சோறு போட்டது கட்-ஆப் சுவிட்ச் வேலைதான். பட்டாசுக் கம்பெனிக்குள்ள போற வண்டிக்கெல்லாம் டிரைவர் சீட்டுக்குக் கீழ ஒரு கைப்பிடி வைக்கணும். அதை இழுத்தா பேட்டரிக்கும் வண்டிக்கும் உறவே அத்துப்போகும். யார்டுல வண்டியை நிப்பாட்டி, கைப்பிடியை இழுத்து, "எடுத்தாச்சு"ன்னு டிரைவர் சத்தம் குடுத்தாத்தான் முதல் பெட்டியைத் தூக்குவாக. இல்லன்னா ஒரு ஆள் கிட்ட வர மாட்டாக. நெருப்போட பொழைக்கிறவுக, பின்ன என்ன செய்வாக?

இந்த வேலைக்கு என்னைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது எங்க அத்தான். அக்கா வீட்டுக்காரர். அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில வண்டிகளுக்கெல்லாம் இன்சார்ஜ். எந்நேரமும் இஸ்திரி போட்ட சட்டை, பையில ரெண்டு பேனா. யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை பேச மாட்டாரு. வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதுன்னு சொல்வாகள்ல, அப்படி ஒரு மனுசன். எங்க அக்காவும் அதே கம்பெனியில பெட்டி கட்டுற ஷெட்டுல வேலை பார்த்தா. அத்தான் சொல்லி அந்தக் கம்பெனி வண்டிக என்கிட்ட வந்துச்சு. அதைப் பார்த்து அடுத்த கம்பெனி, அதைப் பார்த்து இன்னொண்ணு. இதை நான் மறைக்கல. அவரு ஏத்திவிட்ட ஏணியிலதான் நான் ஏறினேன்.

அந்த வருசம் அவுக கம்பெனியில ஒரு புது லோடு வேன் வாங்கினாக. அதை அத்தான் ஷோரூம்ல இருந்து எடுத்த அன்னைக்கு, கம்பெனிக்குப் போகுமுன்ன என் ஷெட்டுக்குத்தான் கொண்டுவந்தாரு. முகப்புல மாலை, டயர்ல நசுங்கி ஒட்டின எலுமிச்சம்பழம், கண்ணாடி பூரா சந்தனம். பூஜைக்குப் போன அக்காவும் முன் சீட்டுல உக்காந்து வந்தா. எனக்கு அந்த வண்டியைப் பார்த்ததும் சந்தோசமும் இருந்துச்சு, பயமும் இருந்துச்சு. பழைய வண்டியில சுவிட்சுல இருந்து லைட்டுக்கு ஒரு ஒயர் போகும், கண்ணால பார்க்கலாம். இந்த மாதிரி வண்டியில இஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, மீட்டருக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு. பெட்டிக எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டே இருக்கும். அது பேசுறதுக்கு, முறுக்கிவிட்ட ரெண்டே ரெண்டு ஒயர். அந்தப் பேச்சு நின்னா வண்டியும் நின்னுரும். நான் கோயம்புத்தூர் போய் ஒரு வாரம் இதைப் படிச்சுட்டு, ஒரு பழைய ஸ்கேனரும் வாங்கி வச்சிருந்தேன்.

"அத்தான், இது கம்ப்யூட்டர் வண்டி. கட்-ஆப் போடலாமான்னு ஷோரூம்ல கேட்டீகளா? எதுவும் சொல்லி விட்டாகளா?"ன்னு கேட்டேன்.

"எல்லாம் கேட்டாச்சு மாப்ள. ஒண்ணும் இல்ல. எப்பவும் போல மாட்டு"ன்னாரு.

அக்கா ஷெட்டுல கிடந்த பெஞ்சுலதான் உக்காந்து, பொட்டலத்தைப் பிரிச்சு காராச்சேவு தின்னுக்கிட்டிருந்தா. "சீக்கிரம் மாட்டிக் குடுலே, நல்ல நேரம் முடியறதுக்குள்ள கம்பெனிக்குப் போகணும்"னா. நானும் மாட்டினேன். கை சுத்தமான வேலை. பேட்டரிக்குப் பக்கத்துல மட்டும்தான் வெட்டு. அந்த முறுக்கு ஒயர் இருக்கிற திசையில நான் தலைவச்சுக்கூடப் படுக்கல.

சீசன் சூடு பிடிச்சப்ப சனியன் ஆரம்பிச்சுச்சு. லோடு ஏத்திட்டுப் போன வண்டி நடு ரோட்டுல பொசுக்குனு நின்னுரும். மீட்டர் முள்ளு எல்லாம் ஒரே நேரத்துல விழும். அபாய விளக்கு அம்புட்டும் சேர்ந்து எரியும். கொஞ்ச நேரம் கழிச்சுச் சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே நடக்காதது போல வண்டி ஓடும். பின்னாடி பட்டாசு லோடை வச்சுக்கிட்டு நடு ரோட்டுல நிக்கிற டிரைவருக்கு எப்படி இருக்கும்? அங்க இருந்தே எனக்குப் போன் போட்டுட்டான்.

போய் ஸ்கேனரைச் சொருகினேன். மீட்டர் பெட்டி பதில் சொல்லுது. பிரேக் பெட்டி பதில் சொல்லுது. இஞ்சின் பெட்டிக்கு மட்டும் "தொடர்பு இல்லை"ன்னு வருது. நான் முழிச்சுக்கிட்டு நிக்கும்போதே அதுவும் எந்திரிச்சு, என்னங்கிற மாதிரி பதில் சொல்ல ஆரம்பிச்சிருச்சு. மத்த பெட்டிகளுக்குள்ள பார்த்தா, ஆளாளுக்கு இஞ்சின் பெட்டி மேல புகார் எழுதி வச்சிருக்குக. அவன் குரலே கேக்கலைன்னு.

ஷோரூமுக்குப் போன் போட்டா, முழுசாக் கேக்காமலே "வெளி ஆள் கை வச்ச வண்டி, நாங்க பொறுப்பில்ல"ன்னுட்டாங்க. சரி, நாமளே பார்த்திருவோம்னு முறையா இறங்கினேன். இந்த மாதிரி சீக்குக்கு ஒயரை அறுத்துப் பார்க்கிறவன் மடையன். முதல்ல பெட்டிக்குச் சாப்பாடு ஒழுங்காப் போகுதான்னு பார்க்கணும், அதாவது கரண்டும் எர்த்தும். கையில வச்சிருக்கிற மல்டிமீட்டரை மட்டும் வச்சுப் பார்த்தா அது ஏமாத்தும். ஒரு பெரிய பல்பை மாட்டி, எரியவிட்டுப் பார்த்தேன். பல்பு பளிச்சுனு எரிஞ்சுச்சு. எர்த் போல்ட்டை எல்லாம் கழத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்ல.

அடுத்து அந்த ரெண்டு ஒயர். பேட்டரியைக் கழத்திட்டு அதுக ரெண்டுக்கும் நடுவுல ஓம்ஸ் பார்க்கணும். ரெண்டு கோடியிலயும் நூத்திருபது ஓம்ஸ்ல ஆளுக்கொரு ரெசிஸ்டர் வச்சிருப்பான். ரெண்டும் பக்கம்பக்கமா இருக்கிறதால, சேர்த்துப் பார்த்தா அதுல பாதி, அறுபது காட்டணும். நூத்திருபது காட்டினா எங்கனயோ ஒரு பக்கம் அத்திருக்கு. ஒண்ணுமே காட்டாம சைபருக்குப் போனா ரெண்டும் எங்கனயோ உரசிக்கிட்டிருக்கு. எனக்கு அறுபது காட்டுச்சு. அச்சடிச்ச மாதிரி அறுபது! ஒயர் கட்டைச் சாண் சாணாப் பிடிச்சு உலுக்கினேன். அப்பவும் அறுபது. வண்டியை எடுத்துக்கிட்டு ஆனைக்குட்டம் அணை வரைக்கும் போய்த் திரும்பினேன். ஏ அப்பா, குதிரை மாதிரி ஓடுது. கம்பெனிக்கு அனுப்பினேன். மறுநாளே லோடோட நின்னுருச்சு.

அந்த வாரம்தான் டீக்கடையில கேட்டேன். டீ ஆத்திக்கிட்டே கடைக்காரர், "என்னண்ணே, உங்க ஒயரிங்ல பொறி தெறிச்சுச்சாமே"ன்னாரு. சும்மா, மழை வருமான்னு கேக்கிற மாதிரி. நான் டீக் கிளாஸைக் கீழ வச்சேன்.

"யார் சொன்னா?"

"கம்பெனியில பேசிக்கிறாகளாம்."

அம்புட்டுதான். மறுநாள் வர வேண்டிய வண்டி வரல. போன் போட்டா, "பார்த்துக்கிட்டுச் சொல்றோம்"ங்கிறாங்க. இன்னொரு கம்பெனியில, நான் மாட்டின சுவிட்சை எல்லாம் கழத்திட்டு வேற ஆள் வச்சு மாட்டுறாங்கன்னு கேள்விப்பட்டேன். கழத்துன சுவிட்சுல ஒரு கருகல்கூட இருந்திருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனா நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? பொறி தெறிக்கலைன்னு எப்படி நிரூபிக்கிறது? தெறிச்சதைக் காட்டலாம், தெறிக்காததை எங்க கொண்டு போய்க் காட்ட?

அத்தானைத் தேடிப் போனேன். கேட்டுக்கு வெளிய மஞ்சணத்தி மரத்தடியில நின்னு பேசினோம்.

"எந்த வெறுவாக்கலங்கெட்ட பய அத்தான் இப்படிச் சொன்னது? எனக்குப் பேரு தெரியணும்."

"விடு மாப்ள. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு? நான் முதலாளிகிட்டப் பேசிக்கிறேன். நீ கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராம இரு, அதான் உனக்கு நல்லது"ன்னாரு. தோள்ல கையை வேற போட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நமக்குன்னு ஒரு மனுசன் இருக்காருன்னு நெனைச்சுக்கிட்டு வந்தேன். இப்ப அந்தக் கையை நெனைச்சாத் தோள் கூசுது.

வராம இருன்னா இருக்க முடியுமா? ஷெட்டுல ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு நாள் அந்த வேன் டிரைவர், சிவகாசியில பிரஸ்ஸுல லேபிள் கட்டு ஏத்திட்டுப் போற வழியில என்னைப் பார்த்துட்டு நிப்பாட்டினான். "அண்ணே, இன்னைக்கு ஒண்ணும் பண்ணலண்ணே. பிரஸ்ஸுக்குப் போற அன்னைக்கெல்லாம் தங்கமா ஓடுது. நம்ம யார்டுல லோடு ஏத்தினாத்தான் இந்தச் சீக்கு"ன்னான். பாரம்தான் காரணம்னு அவன் நெனைப்பு. எனக்கு அப்படிப் படல. லேபிள் கட்டும் பாரந்தான். காகிதத்தை விடப் பாரம் எது இருக்கு? அப்ப பிரஸ்ஸுல இல்லாத ஏதோ ஒண்ணு யார்டுல நடக்குது.

நேரா முதலாளிக்கே போன் போட்டேன். "முதலாளி, ஒரே ஒரு நாள் என்னை உள்ள விடுங்க. வண்டியைத் தொட மாட்டேன், கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். பார்க்க மட்டும் செய்றேன்." நல்ல மனுசன், சரின்னாரு. கேட்டுல செல்போனைக் குடுத்துட்டு, செருப்பைக் கழத்திட்டு உள்ள போய் நின்னேன்.

வேன் வந்துச்சு. பெட்டியும் கையுமா ஆளுக தயாரா நிக்கிறாக, சீசன் இல்லையா? டிரைவர் வண்டியை நிப்பாட்டின வேகம் இருக்கே! வலது கை சாவியைத் திருப்புது, இடது கை அதே நேரத்துல சீட்டுக்குக் கீழ கைப்பிடியை இழுக்குது. இஞ்சின் இன்னும் கடைசிக் குலுக்கல் குலுக்கி முடிக்கல. "எடுத்தாச்சு!"ன்னு சத்தம் குடுத்துட்டான். எங்க ஊர் டிரைவர் அத்தனை பேரும் இப்படித்தான். எவன் சாவியையும் கைப்பிடியையும் ஒண்ணா முடிக்கிறானோ அவன்தான் சுத்தமான டிரைவர்னு பேரு. பழைய வண்டியில அது நல்ல பழக்கம்.

எனக்கு உச்சந்தலையில யாரோ கொட்டின மாதிரி இருந்துச்சு. "அடப்பாவிகளா!"ன்னு கத்திட்டேன்.

இந்த வண்டியில சாவியைத் திருப்பினதும் இஞ்சின் பெட்டி தூங்கிறாது. கொஞ்ச நேரம் முழிச்சிருந்து, தான் பார்த்த கணக்கை எல்லாம் உள்ள எழுதி வச்சிட்டுத்தான் அடங்கும். அது எழுதிக்கிட்டிருக்கும்போதே பேட்டரியைப் பிடுங்கினா? பந்தியில சாப்பிட்டுக்கிட்டிருக்கிறவன் முன்னாடி இலையை உருவின மாதிரிதான். ஒரு நாள் பொறுத்துக்கிடும், ரெண்டு நாள் பொறுத்துக்கிடும். தினம் நாலு தடவை பிடுங்கினா அதுக்குப் புத்தி பேதலிச்சு, ரோட்டுல போகும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாம நின்னுருது. பிரஸ்ஸுல எவனும் கைப்பிடியை இழுக்கிறதில்ல, அதான் அங்க போற அன்னைக்குத் தங்கமா ஓடியிருக்கு. ஒயர்ல ஒரு குத்தமும் இல்ல. பத்திரமா இருக்கணும்னு நாம பண்ணின வேலையே அதைக் கொன்னுருக்கு.

டிரைவரைக் கூப்பிட்டு, "ஒரு பீடி குடிக்கிற நேரம் பொறுத்து..."ன்னு வாய்வரைக்கும் வந்துருச்சு. பட்டாசுக் கம்பெனிக்குள்ள நின்னுக்கிட்டு இதைச் சொன்னா உதைக்க மாட்டாகளா? "ரெண்டு நிமிசம் பொறுத்துக் கைப்பிடியை இழு. ஆளுக நிக்கட்டும்"னேன். முதலாளிகிட்டச் சொல்லி வண்டியை என் ஷெட்டுக்கு வரவழைச்சு, பெட்டிக்குள்ள கெட்டுப்போயிருந்ததை ஸ்கேனரை வச்சு அழிச்சுக் குடுத்தேன். அதுக்குப் பிறகு சீசன் முடியிற வரைக்கும் அந்த வண்டி ஒரு இடத்துலயும் நிக்கல. வடக்க போற கடைசி லாரிக்கும் அதுதான் லோடு கொண்டுபோய்க் குடுத்துச்சு.

தீபாவளி கழிச்சு முதலாளி என்னைக் கூப்பிட்டாரு. நான் கண்டது சரிதானான்னு ஷோரூம் ஆளை வச்சுக் கேட்டுருவோம், எல்லாரும் வாங்கன்னாரு. நான் புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். ஏன் பொய் சொல்லணும், கல்யாணத்துக்குப் போற மாதிரிதான் போனேன். இன்னைக்கு என் பேர் மேல இருக்கிற கரி கழுவப்படும், நாளைக்கே வண்டிக திரும்ப வரும்னு அம்புட்டு நம்பிக்கை. ஆபீஸ் ரூம்ல அடுத்த வருசக் காலண்டர் மாதிரிகளை மேசை பூரா விரிச்சுப் போட்டிருந்தாங்க. அத்தான் சுவரோரமா நின்னாரு. உக்காரச் சொல்லியும் உக்காரல.

ஷோரூம் ஆள் நான் சொன்னதை எல்லாம் கேட்டான். தலையை ஆட்டினான். "இவரு சொல்றது நூத்துக்கு நூறு சரி சார். ஆனா இதை நாங்க வண்டி குடுத்த அன்னைக்கே சொன்னோமே? பட்டாசுக் கம்பெனி வண்டின்னு தெரிஞ்சுதான் சொன்னோம். கட்-ஆப் போட்டுக்கோங்க, சாவியை எடுத்து ரெண்டு நிமிசம் கழிச்சுத்தான் இழுக்கணும்னு, இந்தா, இவருகிட்டத்தான் சொல்லி அனுப்பினோம்"னு அத்தானைக் கையைக் காட்டினான்.

முதலாளி அத்தானைத் திரும்பிப் பார்த்தாரு. "என்னய்யா இது? நீரு என்கிட்ட வந்து, உம்ம மச்சினன் ஒயரிங்ல பொறி தெறிச்சதைக் கண்ணால கண்டேன்னுல்ல சொன்னீரு?"

அதைச் சொன்னது அத்தானா? ஊர்ல உள்ளவன் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேனே, என் அடுப்படி வரைக்கும் வந்து சோறு திங்கிற மனுசனை ஒரு நிமிசம் நெனைச்சுப் பார்க்கலையே! கூட இருந்தே குழி பறிக்கிறதுன்னு சொல்லுவாக. அதுல விழுந்தவனுக்குத்தான் தெரியும் ஆழம்.

அத்தான் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைச்சாரு. பிறகு நிதானமாப் பேசினாரு, அவரு வழக்கம் அதுதான். "கைப்பிடியை இழுக்கும்போது லேசா ஒரு பொறி தெரிஞ்சது முதலாளி. கண்டதைத்தானே சொன்னேன். ஷோரூம்ல சொன்னதும் வாஸ்தவந்தான். நான் அதை அன்னைக்கே மாப்ளகிட்டச் சொல்லித்தான் சுவிட்சை மாட்டச் சொன்னேன். டிரைவருக்கும் சொல்லிக் குடுத்துருன்னு சொன்னேன். அவன் மறந்துட்டான். நம்ம வீட்டுப் பையன் பேரு கெட்டுறக் கூடாதேன்னு இம்புட்டு நாளும் நான் வாயைத் திறக்கல."

எந்தச் சுவிட்சை இழுத்தாலும் உள்ளுக்குள்ள ஊசிமுனை அளவு ஒரு மினுக்கு இருக்கத்தான் செய்யும், மூடி போட்டதுக்குள்ள. அதை வெளிய இருந்து பார்க்கவே முடியாது. ஆனா கேக்கிறவுகளுக்கு அது எப்படித் தெரியும்? பொய்யில ஒரு துளி நெசத்தைக் கலந்துட்டா அது நல்லா விலை போகும். நான் எந்திரிச்சு, "பொய்! பச்சைப் பொய்! ஒண்ணும் சொல்லலைன்னுதானே சொன்னீக, எப்பவும் போல மாட்டுன்னுதானே சொன்னீக?"ன்னு கத்தினேன். மேசை மேல இருந்த காலண்டர் நாலஞ்சு கீழ விழுந்துச்சு. அத்தான் குனிஞ்சு அதைப் பொறுக்கி அடுக்கினாரு. பொறுக்கிக்கிட்டே, "கோவக்காரன் முதலாளி, தப்பா எடுத்துக்காதீக"ன்னாரு.

"சத்தம் போடாதப்பா. அப்ப கூட யாராச்சும் இருந்தாகளா?"ன்னு முதலாளி கேட்டாரு.

"எங்க அக்கா இருந்தா. இங்கதான் பெட்டி கட்டுற ஷெட்டுல வேலை பார்க்கா. கூப்பிட்டுக் கேளுங்க. அவ வாயில பொய் வராது!"

நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன். எங்க அக்கா பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல. சின்னப் பிள்ளையில அடுத்த வீட்டுக் கொல்லையில நான் கொய்யாக்காய் பறிச்சா, அம்மா கேக்குமுன்ன அவ சொல்லிருவா. தனக்கும் பாதி குடுத்தான்னு அதையும் சேர்த்துச் சொல்லி, அவளும் சேர்ந்து அடி வாங்குவா. ஏம்ளா இப்படிக் கிறுக்கச்சியா இருக்கன்னு அம்மாவே வையும். அவளைக் கூப்பிடச் சொன்னதும் அத்தான் முகம் செத்துப்போச்சு. அதைப் பார்த்து எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. மாட்டினீகளா அத்தான்னு மனசுக்குள்ள கெக்கலி கொட்டினேன்.

அக்கா வந்தா. கையெல்லாம் பசை, ஈரத் தலைத்துணி. கதவோரமா நின்னா. முதலாளி ஒண்ணும் மிரட்டல, பதமாத்தான் கேட்டாரு. "வண்டி எடுத்த அன்னைக்கு நீயும் தம்பி ஷெட்டுல இருந்தியாமே. ரெண்டு நிமிசம் பொறுத்துத்தான் கைப்பிடியை இழுக்கணும்னு உன் வீட்டுக்காரர் தம்பிகிட்டச் சொன்னாரா, இல்லையா?"

அவ என்னைப் பார்த்தா. அத்தானைப் பார்க்கல, என்னைத்தான் பார்த்தா. கையில ஒட்டியிருந்த பசையை உருட்டிக்கிட்டே சொன்னா.

"சொன்னாரு முதலாளி. என் காது கேக்கத்தான் சொன்னாரு. தம்பிக்கு அன்னைக்குச் சோலி ஜாஸ்தி. காதுல வாங்கியிருக்க மாட்டான்."

எனக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னா பாருங்க, காதுல வாங்கியிருக்க மாட்டான்னு. அதுதான் என்னைக் கொன்னது. அவ சொன்னது பொய்னு நான் எப்படிச் சொல்வேன்? பொய்யே பேச மாட்டாள்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்தானே.

முதலாளி எந்திரிச்சு வந்து என் முதுகுல தட்டினாரு. "சரி விடுப்பா. மறதி மனுசனுக்கு வரத்தான் செய்யும். வண்டி நின்னது பொறியால இல்லைன்னு தெரிஞ்சு போச்சுல்ல, இனிமே கேட்டுல உன்னை மறிக்க மாட்டாக"ன்னாரு. செய்யாத தப்புக்கு என்னை மன்னிச்சு விட்டாரு. பெரிய மனசு! அத்தானும், "ஆமா முதலாளி, போனது போகட்டும்"னாரு.

பொறின்னு வந்த பேரு போச்சு. அதுக்குப் பதிலா மறதிக்காரன்னு வந்துச்சு. பட்டாசுக் கம்பெனியில இந்த ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. சொன்னதை மறக்கிறவன்கிட்ட எவன் கட்-ஆப் மாட்டக் குடுப்பான்? மரியாதையா, சிரிச்ச முகமாவே விலகிக்கிட்டாக. அடுத்த சீசனுக்கு நான் அங்கன இல்ல. விருதுநகருக்கு ஷெட்டை மாத்தி, பருப்பு மில்லு லாரிகளுக்கும் டவுன் காருகளுக்கும் ஸ்கேனர் போட்டுக்கிட்டிருந்தேன். அத்தான் இன்னும் அதே கம்பெனியில இன்சார்ஜாத்தான் இருந்தாரு. அவரு ஏன் அன்னைக்கே சொல்லலைன்னு எனக்கு இப்பவும் தெரியாது. மறந்துட்டாரோ, பேட்டரியைப் பிடுங்கினா வண்டி செத்தா போகும்னு அசட்டையா விட்டாரோ. மறந்துட்டேன் மாப்ளன்னு ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா, பழியை நானே தூக்கிச் சுமந்திருப்பேன். கேக்காம என் தலையில வச்சாரே, அதை என்னால தாங்க முடியல.

அன்னைக்கு ஆபீஸ் ரூமை விட்டு வெளிய வந்து, கேட்டுல செல்போனை வாங்கிக்கிட்டு என் பைக்கை உதைச்சேன். பின்னாடியே அக்கா ஓடி வந்தா. செருப்பில்லாத காலு, வெயில்ல சுடுற மண்ணு.

"ஏலே, நில்லு."

நின்னேன். அழுவாள்னு பார்த்தேன். அழல.

"உன் கையில தொழில் இருக்கு. எங்கன போனாலும் ரெண்டு ஒயரை முறுக்கிப் பொழைச்சுக்கிடுவ. இவருக்கு இந்தக் கேட்டை விட்டா வேற எந்தக் கேட்டுல வேலை குடுப்பாக, சொல்லு? எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. நான் வேற என்னலே செய்வேன்?"

"உனக்குப் பிள்ளைக இருக்கு, புருசன் இருக்காரு. எனக்கு நீ இருக்கன்னு நெனைச்சேன்க்கா"ன்னேன்.

என் சட்டைக் காலர் மடிஞ்சிருந்ததை நிமித்திவிட வந்தவ, கையில பசை இருக்கிறதைப் பார்த்துட்டுக் கையை இழுத்துக்கிட்டா. புதுச் சட்டையில்லையா.

"சாப்பிட்டியா?"ன்னு கேட்டா.

காலையில கிளம்பின சந்தோசத்துல நான் பச்சைத் தண்ணி குடிக்கல. "சாப்பிட்டேன்"னு சொல்லிட்டு வண்டியைக் கிளப்பினேன். அந்தக் கம்பெனியில அன்னைக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை அவ நம்பினா.